தகடூர்ச் சாலையில் சாப்பாடும் படுக்கையும்

தர்மபுரி ஜில்லாவில் பழைய சாலையைச் சேர்ந்த இரண்டு கற்கள் அகப்பட்டிருக்கின்றன. சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கல்வெட்டு அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ராஜாவின் மெய்க்கீர்த்தியோ, கோயிலுக்கு நிலம் விட்ட சங்கதியோ அவற்றில் இல்லை. அதியமான் பெருவழி என்று சாலையின் பெயர். நாவல் தாவளம் என்று போய்ச் சேரவேண்டிய இடத்தின் பெயர். அதற்கு இன்னும் எத்தனை காதம் என்ற கணக்கு. அவ்வளவுதான். ஒரு கல்லில் 29, இன்னொன்றில் 27. எண்ணை எழுத்தில் வெட்டியதோடு நின்றுவிடவில்லை. படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் எண்ணிக் கொள்ளட்டும் என்று, பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சின்னக் குழி என்று குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

தாவளம் என்றால் தங்கும் இடம். சரக்கோடு வருகிற வியாபாரி மூட்டையை இறக்கி, மாட்டை அவிழ்த்துக் கட்டி, இரவைக் கழிக்கும் இடம். அந்தச் சாலையின் தூரத்தை அரண்மனை வாசலிலிருந்து அளக்காமல், தங்கும் இடத்தை வைத்து அளந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நடந்து வருகிறவனுக்கு வேண்டிய தகவல் அது ஒன்றுதானே! இன்றைக்கு இரவு எங்கே படுப்பது என்பதைக் காட்டிலும் பெரிய கேள்வி அவனுக்கு ஏது? இப்போது அதே பக்கமாக ஓடும் நாற்கரச் சாலையில், உணவகம் இத்தனை கிலோமீட்டரில் என்று பலகை நட்டிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுக்கு முன்பு கல்லில் குழி வெட்டியவன் செய்த காரியத்தைத்தான் இவர்களும் செய்கிறார்கள். ஒரு வித்தியாசம்: குழி வெட்டியவன் படிக்காதவனையும் வாடிக்கைக்காரன் என்று நினைத்தான்.

ஹோட்டல்களை ஒரு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று தரம் பிரிப்பது நமக்கு இப்போது சகஜமாகிவிட்டது. அறை எவ்வளவு பெரியது, குளிக்க வெந்நீர் உண்டா, லிப்ட் உண்டா என்று கட்டடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் இது நேற்று வந்த வழக்கம். அதற்கு முன்பு பல நூறு ஆண்டுகளாகத் தரம் பிரிக்கப்பட்டது கட்டடம் அல்ல. வந்து நின்ற மனிதன். நீ யார், எந்த ஊர், என்ன ஜாதி, என்ன உத்தியோகம் என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் திண்ணையா, கூடமா, கொல்லைப்புறமா என்பது தீர்மானமாயிற்று. மனிதனைப் பிரிப்பது எப்படி அறையைப் பிரிப்பதாக மாறியது, முழுக்க மாறியதா என்பதை, தொப்பூர்க் கணவாய் ஏறிப் பெங்களூர்த் திசையில் போகும் இந்த ஒரு சாலையை வைத்துக்கொண்டே ஓரளவு பார்த்துவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதிதான். அதுவரை சேலம் ஜில்லாவின் பாகம். 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்து போயிற்று. ஆகவே பழைய கதையில் சேலம் என்று வந்தால், வாசகர்கள் அதற்குள் தர்மபுரியையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

பழைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. தகடூர் என்றதும் அதியமான் நெடுமான் அஞ்சியும், ஔவையும், நெல்லிக்கனியும் நினைவுக்கு வருவது இயல்பு. என் கண்ணில் படுவது அந்த அரண்மனை வாயிற்காவலன். பரிசில் தரத் தாமதமான ஒரு நாள், ஔவை அரசனிடம் கோபித்துக்கொள்ளாமல் காவலனிடம் கோபித்துக்கொண்டு, கலை தெரிந்தவளுக்கு எந்தத் திக்கிலும் சோறு கிடைக்கும் என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. அதியமானைப் புகழும் இன்னொரு பாட்டில், எத்தனை நாள் போனாலும் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் காட்டிய முகத்தையே காட்டுவான் என்கிறாள். ஹோட்டல் நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது இந்த இரண்டையும்தான்: வாசலில் நிற்பவன் முகம் சுளிக்கக் கூடாது, பழைய விருந்தாளியைப் புதிய விருந்தாளி போல நடத்த வேண்டும். ஆனாலும் ஔவை புலவர். அவளுக்குத் திறந்த கதவு உமணனுக்கும் உழவனுக்கும் திறந்ததா என்று அந்தப் பாட்டில் எழுதியிருக்கவில்லை.

அரண்மனை வாசலுக்கு வரமுடியாத ஜனங்களுக்குப் பிற்காலத்தில் கிடைத்தது சத்திரம். ராஜாக்களும் ராணிகளும், பணம் படைத்த வியாபாரிகளும் சாலை நெடுகச் சத்திரம் கட்டினார்கள். அவற்றை நடத்திய முறை என்னவென்று தெரிந்துகொள்ள, நாம் கொஞ்சம் கீழே தஞ்சாவூருக்குப் போய்வர வேண்டும். அங்கே சரபோஜி மன்னர் 1801இல் கம்பெனி அதிகாரிகளுக்குத் தம் முன்னோர் கட்டிய சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்கள் தம் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் எழுதிய கடிதம் அது. பிராமணன் முதல் பறையர் வரை வருகிற யாத்ரீகர் எல்லாருக்கும் சோறு போடுகிறோம், சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுக்கிறோம், நோயாளியைக் கவனிக்க வைத்தியர் உண்டு, பிள்ளைகளுக்கு வாத்தியார் உண்டு, வழியில் பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்கும் ஏற்பாடு உண்டு என்றெல்லாம் அதில் விவரித்திருக்கிறார். இவ்வளவு சேவையையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் ஹோட்டல் இன்று எங்கேயும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சமைத்த சோறு, சமைக்காத அரிசி என்ற அந்தப் பாகுபாட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறர் கையால் சமைத்ததைச் சாப்பிடாதவன் அரிசியை வாங்கித் தானே பொங்கிக் கொள்வான். சத்திரத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு; ஆனால் யார் கூட யார் உட்காருவது, யார் சமைத்ததை யார் தொடுவது என்ற கணக்கு வாசலுக்கு உள்ளே தொடர்ந்தது. தர்மம் தாராளம்தான். பந்தி தாராளமில்லை.

பாராமகால் என்ற பழைய பெயரோடு இந்தப் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால். காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரை நிர்வாகம் பார்க்க அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னையின் கவர்னராகி, சென்னைத் தீவுத்திடலில் சேணமில்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான். 1799 வரை இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகச் சுற்றி நிலத்தை அளந்து தீர்வை போட்டார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பகுதியை விட்டுப் போகும்போது அந்தத் தோட்டத்தைப் பிரிவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது, கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

மன்றோ காலத்து அதிகாரிகள் கூடாரத்தில் தங்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் கூடாரம் அலுத்துவிட்டது. அங்கங்கே பங்களா எழும்பிற்று. டிராவலர்ஸ் பங்களா என்று அதற்குப் பெயர். நம் ஜனங்கள் அதை முசாபரி பங்களா ஆக்கிவிட்டார்கள். கனமான சுவர், ஓட்டுக் கூரை, சுற்றிலும் வராந்தா, பின்புறம் தள்ளிச் சமையற்கட்டு, ஒரு வாட்ச்மேன். அவனே கோழி பிடித்து, அடித்து, குழம்பும் வைத்துவிடுவான். மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம்: வந்தவர் பெயர், உத்தியோகம், வந்த நேரம், போன நேரம், கொடுத்த பணம், குறை ஏதாவது இருந்தால் அது. இந்தியாவில் ஹோட்டல் நிர்வாகம் என்று எதைச் சொல்கிறோமோ அதன் காகித உருவம் இந்த நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிற்று என்று நினைக்கிறேன்.

பங்களாவிலும் தராதரம் உண்டு. சர்க்கார் வேலையாக வருகிறவருக்கு முதலிடம். அவரிலும் பெரியவர் வந்தால் சின்னவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் மிச்சம் இருந்தால் தங்கலாம். சத்திரத்தில் ஜாதி பார்த்தது போலப் பங்களாவில் பதவி பார்த்தார்கள். கூடவே தோலின் நிறத்தையும் பார்த்தார்கள்.

இந்த இரண்டு கதவுகளுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பிரயாணியைத் தர்மபுரி ஜில்லா மறக்கவில்லை. சுப்பிரமணிய சிவா, வ.உ.சி.யோடு 1908இல் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர். சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டது. விடுதலையான பிறகு ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டவரை, தொற்று நோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்ற விதியைக் காட்டி ரயில் நிலையத்தில் தடுத்தார்கள். நடந்தார். கட்டை வண்டியில் போனார். புண்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு போனார். கடைசியில் பென்னாகரம் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் நண்பர்களின் ஆதரவில் தங்கி, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்று இடம் தேடி, 1925ஆம் வருஷம் ஜூலை 23ஆம் தேதி அங்கேயே காலமானார். இரவு தங்க வரும் வழிப்போக்கன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் இடம் கொடுப்பது என்ற பழைய பேச்சுக்கு அவருடைய பிரயாணங்கள் சரியான பரீட்சை. கதவைத் திறந்தவர்கள் தனி மனிதர்கள்தான்.

ரயில் வந்தபிறகு சாப்பாட்டு வியாபாரம் வேறு ரூபம் எடுத்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கிற்று. இரண்டரை அடி அகலப் பாதை. பிறகு 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941இல், அதை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் சேலம் – பெங்களூர்ப் பாதை வரும்வரை தர்மபுரி நகரத்துக்கு ரயில் கிடையாது. ஆகவே இந்த ஊரின் ஹோட்டல்கள் ஸ்டேஷனைச் சுற்றி வளராமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வளர்ந்தன. அதைப் பிறகு பார்ப்போம்.

பெரிய ரயில் பாதைகளில், ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில், பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி என்று தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். ஊருக்குள் இருந்த காபி கிளப்புகளும் அதே வழியில் போயின. பணம் கொடுத்து வாங்குகிற காபியிலும் தட்டி! சத்திரத்தில் தர்மச் சோறு போட்டவன் விதி வைத்தால், ‘அவன் சொத்து, அவன் புண்ணியம்’ என்று ஒரு வாதமாவது உண்டு. இங்கே ஓரணா கொடுத்தவன் எல்லாரும் ஓரணா கொடுத்தவன்தானே? பெரியாரும் அவருடைய தோழர்களும் கேட்ட கேள்வி இதுதான். கிளர்ச்சியின் விளைவாக 1941இல் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் அந்தத் தனிப் பந்தி ஒழிந்தது. பெயர்ப் பலகையில் இருந்த சொல்லுக்காக மறுபடியும் ஒரு போராட்டம் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நடந்தது. முரளி கபே என்ற ஹோட்டலுக்கு முன்னால் மாதக்கணக்கில் மறியல், தினமும் கைது. அடுத்த வருஷம் பலகையிலிருந்து அந்த வார்த்தை போயிற்று.

ஆனால் தட்டிக்கு இந்தப் பக்கமும் வரமுடியாதவர்கள் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் காபி கிளப்புக்குள்ளேயே நுழைய முடியாது. நுழைய விட்ட கிராமத்து டீக்கடைகளிலும் அவர்களுக்குத் தனி கிளாஸ். குடித்தவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். 1950ஆம் வருஷம் ஜனவரி 26ஆம் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது விதி, கடை, பொது உணவு விடுதி, ஹோட்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்றது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. ஹோட்டலிலும் தர்மசாலையிலும் பொது ஜனங்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களை உபயோகிக்கத் தடை சொல்வதும் குற்றம் என்று எழுதிற்று. ஒரு நாட்டின் சட்டம் டம்ளர் அளவுக்குக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

சட்டம் வந்து எழுபது வருஷம் ஆகிவிட்டதே, டம்ளர் ஒன்றாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: 2024ஆம் வருஷம் பிப்ரவரியில், இதே தர்மபுரி ஜில்லாவில், மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வயல் வேலைக்கு வந்த தாழ்த்தப்பட்ட பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்ததாக இருவர் கைதானார்கள். அது ஹோட்டல் இல்லை, வயல்தான். ஆனால் ஹோட்டலில் டம்ளராக இருந்தது எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வயல்தான் விடை.

பெயர்ப் பலகையில் ஜாதி போனபிறகு அந்த இடத்தில் என்ன வந்தது என்று கவனித்திருக்கிறீர்களா? ‘உயர்தர சைவ உணவு விடுதி.’ இந்த உயர்தரத்தை யார் சோதித்துக் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. முதலாளி தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட பட்டம். பழைய வார்த்தையின் நிழல் அதன்மேல் கொஞ்சம் விழுந்திருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். மாமிசம் சமைக்கிற ஹோட்டலுக்கோ மிலிட்டரி ஹோட்டல் என்று பெயர். அங்கே உயர்தரம் என்று யாரும் போட்டுக்கொள்வதில்லை. பிரியாணி என்று போட்டால் போதும்.

நட்சத்திரம் வந்த கதை தனிக் கதை. பிரிட்டனில் மோட்டார்க்காரர்களின் சங்கம் ஒன்று 1912இல் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கிற்று. அதன் காரியதரிசிக்கு யோசனை தோன்றியது பிராந்திப் புட்டியிலிருந்து என்கிறார்கள். புட்டியில் போட்டிருந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான். இந்தச் செய்தியைத் தர்மபுரிக்காரர்கள் ரசிக்கலாம். ஏனெனில் 1937ஆம் வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்; அதாவது தர்மபுரியிலும்தான். மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. அதன்பின் தமிழ்நாட்டில் ஹோட்டலில் பார் வைக்க லைசென்ஸ் வேண்டுமானால் நட்சத்திர அந்தஸ்தும் வேண்டும் என்று ஆயிற்று. புட்டியிலிருந்து புறப்பட்ட நட்சத்திரம் சுற்றிக்கொண்டு புட்டிக்கே வந்து சேர்ந்தது.

நம் மத்திய சர்க்கார் இந்த விஷயத்தில் இறங்கியது 1957இல். ஹோட்டல்களின் தரத்தையும் கட்டணத்தையும் ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். வெளிநாட்டுப் பிரயாணிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு எந்த ஹோட்டலைக் காட்டுவது என்ற கவலை. ஹோட்டல் முதலாளிகளும் 1955இலேயே அகில இந்திய சம்மேளனம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சர்க்காரே ஹோட்டல் நடத்தவும் முன்வந்தது. இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1966இல். தமிழ்நாட்டுக் கழகம் 1971இல். இப்போதைய முறைப்படி நட்சத்திரம் வேண்டும் என்கிற ஹோட்டல் விண்ணப்பிக்க வேண்டும்; கட்டாயமில்லை. வாடகைக்கு விட 10 அறையாவது இருக்க வேண்டும். கமிட்டி வந்து அறை, குளியலறை, சமையற்கட்டு, நெருப்புப் பாதுகாப்பு, உடல் ஊனமுற்றவர்களுக்குச் செய்த வசதி எல்லாவற்றையும் பார்த்து அந்தஸ்து கொடுக்கும். 5 வருஷம் செல்லும். பிறகு மறுபடியும் பரீட்சை.

இந்த முறையில் எத்தனையோ குறை சொல்லலாம். சிரித்த முகத்துக்கும் சூடான இட்லிக்கும் அதில் மதிப்பெண் குறைவு. ஆனாலும் நான் அதற்குக் கட்சி பேசுவேன். தராசில் ஏறுவது விருந்தாளி அல்ல, அறை என்று முதன்முதலில் சொன்னது இந்த முறைதான். பணம் இருந்தால் யாரும் வரலாம் என்பது முழு நியாயம் ஆகாது. ஆனால் அதற்கு முன்பிருந்த நியாயங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய இடைவழி.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகள் பெரும்பாலும் இந்த நட்சத்திரக் கணக்குக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனி இலக்கணம் உண்டு. வெறும் சாப்பாடு என்றால் ஹோட்டல். படுக்கை மட்டும் என்றால் லாட்ஜ். இரண்டும் சேர்ந்தால் போர்டிங் அண்டு லாட்ஜிங். பெரிய ஹோட்டல்களில் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்பார்கள். பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் நீங்கள் வந்த நிமிஷத்திலிருந்து 24 மணி நேரம். நள்ளிரவு பஸ்ஸில் இறங்குகிறவனுக்கு நியாயமான கணக்கு இதுதான். வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கினால் 24 மணிக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். மற்றபடி முசாபரி பங்களாவின் நோட்டுப் புத்தகம் இங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: பெயர், ஊர், வந்த காரியம். ‘வந்த காரியம்’ என்ற கட்டத்தில் பாதிப் பேர் ‘சொந்த வேலை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஹோட்டலுக்கு உள்ளே இருக்கும் படிக்கட்டுகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. கல்லாவில் முதலாளி அல்லது முதலாளியின் மைத்துனர். அவருக்குக் கீழே மானேஜர். உள்ளே சரக்கு மாஸ்டர். அவரை முதலாளியே அதட்டப் பயப்படுவார், கோபித்துக்கொண்டு எதிர் ஹோட்டலுக்குப் போய்விட்டால் வாடிக்கையும் கூடவே போய்விடும். பிறகு தோசை போடுகிறவர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர். வெளியே சர்வர்கள். அதற்கும் கீழே மேஜை துடைக்கிறவர், இலை எடுக்கிறவர், பின்புறத்தில் பாத்திரம் தேய்க்கிறவர். இந்தக் கடைசிப் படியில் நெடுநாள் நின்றவர்கள் சிறுவர்கள். வானம் பார்த்த பூமியான தர்மபுரிப் பக்கத்தில் மழை தவறிய வருஷங்களில், சாப்பாட்டுக்காவது வழியாகும் என்று வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். கோடிக்கணக்கான வியாபாரமும் மேஜை துடைக்கிற ஒரு கையில்தான் வந்து நிற்கிறது.

1958இல் சென்னைச் சட்டசபை உணவு விடுதிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றிற்று. விடுதி பதிவு செய்யப்பட வேண்டும், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு என்றெல்லாம் அதில் உண்டு. விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டி, இரவு 11 மணிக்கு விளக்கணைக்கும் தொழிலுக்கு இது எவ்வளவு பெரிய கட்டளை என்பது ஹோட்டலில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களை ஹோட்டலிலும் டீக்கடையிலும் தாபாவிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை வந்தது 2006ஆம் வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி. நட்சத்திரம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு! விருந்தாளியைப் பிரிப்பதை நிறுத்தி, அறையைப் பிரித்து, அதற்கும் பின்னால்தான் மேஜை துடைக்கிற பையனை ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

தர்மபுரி ஜில்லா பிறந்த 1965, ஹோட்டல்களுக்குச் சோதனையான வருஷம். யுத்தமும் உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டன. திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். பல ஊர்களில் ஹோட்டல்கள் திங்கள் மாலையில் கதவை மூடின. சாப்பிட வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதே தேசபக்தியான ஒரே காலம் அதுதான்.

சாப்பாட்டிலும் வகை உண்டே, அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று. அதை வைத்துச் சர்க்கார் வரி போடவில்லை. காற்றை வைத்துப் போட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது குளிர்சாதனம் இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவிகிதம், குளிர்சாதனம் உள்ள ஹோட்டலுக்கு 18. சாம்பார் ஒரே ருசிதான். குளிர்ந்த காற்றில் குடித்தால் விலை அதிகம். நாலு மாதத்தில், நவம்பரில், சாதாரண உணவகங்கள் எல்லாவற்றுக்கும் 5 சதவிகிதம் என்று ஆக்கினார்கள். லாட்ஜ் அறைக்கு நாள் வாடகையை வைத்து வரி. 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அதையும் 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள். வரி அதிகாரிக்கும் ஒரு நட்சத்திரக் கணக்கு இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாற்கரச் சாலை வந்தபிறகு ஊருக்குள் இருந்த வியாபாரத்தில் ஒரு பங்கு ஊருக்கு வெளியே போய்விட்டது. தொப்பூர் இறக்கத்தை எண்ணி வயிற்றில் பயத்தைக் கட்டிக்கொண்டு வரும் லாரி டிரைவருக்கு ரொட்டியும் கயிற்றுக் கட்டிலும் போடும் தாபாக்கள் ஒரு பக்கம். குழந்தைகளுக்கு ஊஞ்சல் போட்ட பெரிய உணவகங்கள் ஒரு பக்கம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லி, அது 2017 ஏப்ரல் முதல் அமலானபோது, சாலையைப் பார்த்துக் கட்டிய பார் ஹோட்டல்கள் நாடு முழுவதும் திகைத்து நின்றன. சில ஊர்களில் வாசலைச் சுற்றி வளைத்துக் கட்டித் தூரத்தைக் கூட்டினார்கள் என்று பத்திரிகைகளில் படித்தோம். காதக் கல் நட்ட காலத்தில் தாவளத்துக்குத் தூரம் குறைவாக இருந்தால் சந்தோஷம். இப்போது தூரம் அதிகமாக இருந்தால் லைசென்ஸ்.

இலை போட்டதும் முதலில் வைப்பது தண்ணீர். தர்மபுரியில் அது லேசான விஷயமாக இருக்கவில்லை. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியுமாகத் தலைமுறைகள் அவதிப்பட்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகுதான் காவிரி நீர் ஊர்களுக்கு வந்தது. எந்த நட்சத்திரப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

ஒகேனக்கல் என்று சொன்னபிறகு அங்கே போகாமல் முடிக்க முடியாது. ‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை; நீர் விழுந்து புகை எழும் கல். தமிழ்நாட்டுச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு அங்கே இருக்கிறது. தனியார் லாட்ஜுகளும் இருக்கின்றன. அவற்றைவிட எனக்குச் சுவாரசியமானது ஆற்றங்கரைச் சமையல். மீன் கடையில் மீனை நீங்கள் வாங்குகிறீர்கள். எண்ணெயும் மசாலாவும் அரிசியும் நீங்களே வாங்கித் தருகிறீர்கள். அடுப்பும் பாத்திரமும் கைப்பக்குவமும் மட்டும் அந்தப் பெண்களுடையவை. குழம்பா, வறுவலா, காரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கூலி பேசுவார்கள். நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பரிசலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவதற்குள் சோறு வடித்திருக்கும். பாறை நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

சரபோஜியின் சத்திரத்தில் அரிசியை அளந்து வாங்கியவன், பிறர் சமைத்ததைத் தொடமாட்டேன் என்பதற்காக வாங்கினான். இங்கே அரிசியை வாங்கி முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, அவள் யாரென்று கேட்காமல், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்கிறார்கள். அவளும் வந்தவர் யாரென்று கேட்பதில்லை. நோட்டுப் புத்தகம் கிடையாது, ஜி.எஸ்.டி. கிடையாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கிடையாது. மழைக் காலத்தில் கர்நாடக அணைகள் நிரம்பிக் காவிரியில் நீர்வரத்து ஏறியதும், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் ஜில்லா நிர்வாகம் தடை போட்டுவிடும். அறை எடுத்தவர்கள் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண்கள் பாத்திரங்களைக் கழுவிக் கோணியில் கட்டிக்கொண்டு, தண்ணீர் எப்போது வடியும் என்று விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.